போர்முனையிலிருந்து ஊருக்கு

மகாராஷ்டிரத்தின் அகில்யாநகர் (முன்னாள் அகமதுநகர்) மாவட்டத்து வறண்ட பிரதேசத்தில் ராலேகண் சித்தி என்றொரு கிராமம் இருக்கிறது. 1965-ஆம் ஆண்டு இந்திய-பாகிஸ்தான் யுத்தத்தில் கேம்கரண் பகுதியில் ராணுவ லாரி ஓட்டி, உடனிருந்த தோழர்கள் மாண்டும் தாம் உயிர் தப்பிய அண்ணா ஹசாரே, எஞ்சிய ஆயுளைப் பிறருக்கென்றே செலவிடுவதாகச் சங்கற்பம் செய்துகொண்டு, 1975-இல் சொந்த ஊராகிய அந்தக் கிராமத்துக்குத் திரும்பியபோது, கிணறுகள் வற்றிக் கிடந்தன. சாராய அடுப்புகளோ அணையாமல் எரிந்தன.

ராணுவ சேவையில் கிடைத்த பணத்தைக் கொண்டு முதலில் சிதிலமடைந்த யாதவபாபா கோயிலைப் புதுப்பித்தார். பொதுஜன நம்பிக்கை பிறந்த பிறகே ஜலத்தின் பக்கம் திரும்பினார். சரிவில் ஓடி வீணாகும் மழைநீர் ஒரே மட்டத்தில் வெட்டிய குழிகளில் தேங்கி, மெல்ல மண்ணுள் இறங்கி, தாழ்வான கிணறுகளில் ஊறி நிற்கும்படி, ஊரார் சிரமதானமாக மண் சுமந்து, ஓடைகளின் குறுக்கே கரைகளும் தடுப்பணைகளும் எழுப்பினார்கள். மிகுதியாக நீர் குடிக்கும் கரும்பு விலக்கப்பட்டது. தானியமும் காய்கறியும் விளைந்தன.

மதுவை ஒழிக்கும் முயற்சியில், குடித்தவர்களைக் கம்பத்தில் கட்டி அடித்ததும் அங்கே நடந்ததுண்டு. எத்துணை நன்மை விளைந்திருப்பினும் அந்த முறையை நான் ஒப்புவதற்கில்லை. ஆனால், பாழ்நிலத்தைப் பசுமையாக்கிய உழைப்பின் மேன்மை மறுக்க முடியாதது. 1992-இல் பத்மபூஷண் விருது பெற்ற பின்னரும், கோயிலை ஒட்டிய சிறு அறையிலேயே அவர் வசித்து வந்தார்.