பூட்டும் தறியும் வாழும் வீடு



திண்டுக்கல் மலைக்கோட்டையின் உச்சியினின்று நோக்குவார்க்கு ஊரின் இருவகை வளர்ச்சியும் ஒருங்கே தென்படும். அடிவாரத்தில் நெருங்கிக் கிடக்கும் பழந்தெருக்கள். அவற்றுக்கப்பால் தோட்டங்களைக் கூறுபோட்டுக்கொண்டே செல்லும் மனைப்பிரிவுகள். 1866-இல் நகராட்சியான ஊர் 2014-இல் மாநகராட்சியாயிற்று.

பழந்தெருக்களைக் காத்தல் வேண்டும் என்பார் ஒருசாரார். வீடற்றார்க்கு வீடு வேண்டும் என்பார் மறுசாரார். கவிஞர்கள் பெரும்பாலும் முதல் அணியிலேயே நிற்பர். திண்ணை போயிற்றே, முற்றம் போயிற்றே என இரங்குதல் எளிது. அத்திண்ணை வீட்டின் பின்கட்டில், ஓரறையில் வாடகைக்கு ஒடுங்கியிருந்த குடும்பத்தைப் பற்றிய பாட்டு மிகுதியாக இல்லை.

ஆயினும் தெருவைக் காத்தல் வெறும் ஏக்கமன்று. பூட்டுத் தொழிலாளிக்கும் சின்னாளபட்டி நெசவாளிக்கும் வீடே தொழிற்கூடம். குழித்தறிக்குத் தரையில் குழி வேண்டும். நான்காம் மாடியில் அதைத் தோண்டுவது எங்ஙனம்? திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் செய்வோர் வாழும் தெருவுக்கு அத்தகைய காப்பு எதுவும் இல்லை.

சென்னையின் பட்டறிவு இங்கே கருதத்தக்கது. 1970-இல் தோன்றிய குடிசை மாற்று வாரியம் தொடக்கத்தில் குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்குவீடுகளை எழுப்பியது. 1977-இல் தொடங்கிய உலக வங்கி உதவித் திட்டத்தில், அரும்பாக்கம், வில்லிவாக்கம் முதலிய இடங்களில் மனையும் அடிப்படை வசதியும் தரப்பட்டன. வீட்டை மக்கள் தம் வசதிக்கேற்பக் கட்டிக்கொண்டனர். 2000 முதல் போக்கு மாறிற்று. நகர் நடுவே வாழ்ந்தோர் கண்ணகி நகருக்கும், பின்னர்ப் பெரும்பாக்கத்து எட்டு மாடிகளுக்கும் அனுப்பப்பட்டனர். வீடு கிடைத்தது, வேலை பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. புகாரை நீங்கி அயலூரில் வாழ்விழந்தவளின் பெயரை அக்குடியிருப்புக்குச் சூட்டியவர் சிலம்பை எண்ணித்தான் சூட்டினாரோ!

சமவெளியில் சிக்கல் வேறு. 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவைத் தடுத்தது. விளைநிலம் காக்கும் நோக்கம் நன்றே. ஆனால் அங்கீகாரம் பெற்ற மனையின் விலை எட்டாமையால்தான் சாலையும் வடிகாலும் இல்லாத மனையை எளியோர் நாடினர். 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. மலிவான நல்ல மனை வந்தபாடில்லை.

2021-இல் அவ்வாரியம் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் பெற்றது. ‘வாழ்விடம்’ நல்ல சொல். அதில் தறிக்கும் பட்டறைக்கும் எத்தனை அடி என்பதை, வரைபடம் தீட்டுமுன் அத்தெருவாரிடமே கேட்டல் வேண்டும்.