வேலையைத் தெளிவாகச் சொல்வது முதலாளியின் கடமை

அல்லாஹு தஆலாவைப் புகழ்ந்து, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் கூறித் தொடங்குகிறேன்.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே! தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற நபிமொழியை அறியாதவர் நம்மில் இல்லை. ஆனால் அந்தக் கூலி எந்த வேலைக்கு உரியது என்பதைத் தெளிவாகச் சொல்லும் கடமையும் முதலாளிக்கு உண்டு. அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

ஒரு ஜவுளிக்கடையை எண்ணிப் பாருங்கள். மூன்று பேர் வேலை செய்கிறார்கள். வெளியூர் புறப்படும் முதலாளி, "குடோனைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறார். சாவி யாரிடம் இருக்க வேண்டும், சன்னலை மூட வேண்டியவர் யார், மழை வந்தால் தரையில் கிடக்கும் சரக்கை மேலே ஏற்ற வேண்டியவர் யார் என்று எதுவும் சொல்லப்படவில்லை. இரவு மழை பெய்கிறது. மற்றவர் பார்த்திருப்பார் என்று மூவரும் இருந்துவிடுகிறார்கள். சேலைக் கட்டுகள் நனைந்துவிடுகின்றன. மாதக் கடைசியில் மூவரின் சம்பளத்திலும் பிடித்தம். ஊரிலுள்ள தாய் தந்தையருக்கு அனுப்ப வேண்டிய பணம் அது. இந்தப் பிடித்தம் ஆகுமானதா?

ஃபிக்ஹு நூல்களில் 'இஜாரா' என்னும் பாடம் இருக்கிறது. வாடகையும் கூலி வேலையும் பற்றிய சட்டங்கள் அதில் வருகின்றன. மாதச் சம்பளத்திற்கு இருக்கும் வேலைக்காரரின் கை அமானிதக் கை. அவர் வரம்பு மீறினாலோ கடமையில் அலட்சியம் காட்டினாலோ தவிர, ஏற்பட்ட சேதத்திற்கு அவர் பொறுப்பாளி அல்லர் என்று சட்ட மேதைகள் கூறுகிறார்கள். அலட்சியம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், முதலில் அது அவருடைய கடமையாக இருந்திருக்க வேண்டும். கடமை இன்னதென்று சொல்லப்படாத இடத்தில் அலட்சியம் எங்கிருந்து வரும்?

இஜாரா நிறைவேற, வேலை எது என்பதோ காலம் எவ்வளவு என்பதோ அறியப்பட்டிருக்க வேண்டும். இதில் எவ்வளவு நுணுக்கம் பார்த்தார்கள் என்றால், இந்தத் துணியை இன்றைய பகலுக்குள் தைக்க வேண்டும் என்று வேலையையும் காலத்தையும் ஒருசேர நிபந்தனையாக்கினால் அந்த ஒப்பந்தம் செல்லாது என்பதே மிகச் சரியான கூற்று என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில் குறிப்பிடுகிறார்கள். பகல் முடிந்தும் வேலை முடியாமல் இருக்கலாமே! இந்த மஸ்அலாவில் மாற்றுக் கருத்துடைய இமாம்களும் உண்டு. ஒரு தையற்காரரின் ஒரு நாள் வேலையில் பிணக்கு வரக்கூடாதென்று இவ்வளவு சிந்தித்திருக்கிறார்கள் என்பதை மட்டும் கவனியுங்கள்.

இன்னொரு குறையும் நம் கடைகளில் பரவலாக உண்டு. வாப்பா ஒன்று சொல்வார், மகன் வேறொன்று சொல்வார், கல்லாவில் அமர்ந்திருக்கும் மச்சான் இரண்டையும் மாற்றுவார். நடுவில் நிற்பவர் எவர் சொல்லைக் கேட்டாலும் குற்றவாளி. ஸூரத்துஸ் ஸுமரின் 29ஆம் வசனத்தில் அல்லாஹ் ஓர் உவமை கூறுகிறான். தமக்குள் பிணங்கிக் கொள்ளும் பல எஜமானர்களுக்குச் சொந்தமான ஒரு மனிதனும், ஒரே எஜமானனுக்கு உரிய ஒரு மனிதனும் சமமாவார்களா என்று கேட்கிறான். வசனத்தின் நோக்கம் தவ்ஹீதை விளக்குவதே. ஆயினும், அதற்கு உவமையாகப் பல முதலாளிகளிடம் சிக்கிய ஓர் ஊழியனின் தவிப்பை அல்லாஹ் எடுத்துக்கொண்டான் என்பதை வியாபாரிகள் சிந்திக்க வேண்டும்.

ஹிஜ்ரீ 3 (கி.பி. 625) உஹதுப் போர்க்களத்திற்கு வாருங்கள். நபி (ஸல்) அவர்கள் 50 வில்வீரர்களைக் குன்றின் மீது நிறுத்தி, அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி) அவர்களைத் தலைவராக்கினார்கள். நாம் வென்றாலும் இடம் பெயராதீர்கள், நம் உடல்களைப் பறவைகள் கொத்திச் செல்வதைக் கண்டாலும் பெயராதீர்கள், நான் ஆளனுப்பும் வரை அங்கேயே இருங்கள் எனக் கட்டளையிட்டார்கள். இடம் எது, தலைவர் யார், நிலைமை மாறினால் என்ன செய்வது, பொறுப்பு எப்போது முடிகிறது என்று எல்லாமே அதில் இருந்தன. வெற்றியைக் கண்டு பெரும்பாலோர் இறங்கிவிட்டார்கள். அப்துல்லாஹ் (ரலி) அவர்களும் ஒரு சிலரும் மட்டும் நின்று ஷஹீதானார்கள். கட்டளை தெளிவாக இருந்ததால் தவறு எங்கே நேர்ந்தது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அப்படியிருந்தும், அவர்களை மன்னித்து, காரியங்களில் அவர்களுடன் ஆலோசனை செய்யுமாறு அல்லாஹ் தன் தூதருக்குக் கட்டளையிட்டான் (3:159). நாமோ தெளிவாகச் சொல்லாமலே தண்டிக்கிறோம்.

ஆகவே இன்றிரவு கடை அடைக்குமுன் ஒவ்வொருவரையும் அழைத்து, உம்முடைய வேலை என்னவென்று நீர் நினைக்கிறீர் என்று கேளுங்கள். அவர் சொல்வதும் நீங்கள் நினைத்திருப்பதும் பல இடங்களில் வேறுபடும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தம்பிகள் இன்று நம் கடைகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நம் பேச்சு புரியாமலே தலையசைத்துவிடுவார்கள். அவர்களுடைய மொழி தெரிந்தவரை வைத்து விளக்குங்கள். தாங்க முடியாத வேலையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் உதவுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். எனவே பட்டியல் நீண்டால் ஆளைக் கூட்டுங்கள், அல்லது நீங்களே கை கொடுங்கள். போன மாதம் இப்படிப் பிடித்த பணம் ஏதும் இருந்தால், அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அல்லாஹ் தௌஃபீக் செய்வானாக. ஆமீன்.