அட்டிகஸ் ஃபிஞ்சும் மட்டக்களப்புப் பெற்றோரும்



தார்மிக தைரியத்தைப் பெற்றோர் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிப்பது என்னும் விஷயத்தைப் பேச, அமெரிக்கத் தென்மாநிலமாகிய அலபாமாவில் பிறந்த ஹார்ப்பர் லீ அம்மையார் 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' என்ற நாவலைத் துணைக்கு அழைக்கிறேன்.

தாயில்லாத இரு குழந்தைகளை வளர்த்துவரும் அட்டிகஸ் ஃபிஞ்ச் என்ற வழக்கறிஞர், வெள்ளைப் பெண்ணொருத்தியைக் கெடுத்ததாகப் பொய்க்குற்றம் சுமத்தப்பட்ட டாம் ராபின்சன் என்ற கறுப்பினத்தவருக்காக மனப்பூர்வமாக வாதாடுகிறார். வெறிநாயை ஒரே குண்டில் வீழ்த்தக்கூடிய அம்மனிதர், கைதியைக் கொல்ல ஊரார் திரண்டுவரும் இரவில், ஆயுதம் எதுவுமின்றிச் சிறைவாசலில் நாற்காலி போட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த நீண்ட மின்கம்பியின் நுனியில் எரியும் ஒற்றை விளக்கின் கீழ்ப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருக்கிறார். வந்தவர்கள் அந்நியர் அல்லர். அவரை அறிந்த அயலார். ஓடிவந்த அவருடைய சிறு மகள் ஸ்கவுட், அக்கூட்டத்தில் தன் வகுப்புத் தோழனின் தகப்பனாரைக் கண்டு மகனுடைய சுகத்தை விசாரிக்கவே, அவர் தம் கூட்டத்தாரை அழைத்துக்கொண்டு திரும்பிப் போகிறார்.

கறுப்பின மக்களின் குரல் அந்நூலில் போதிய அளவு ஒலிக்கவில்லை என்பது என் மனக்குறை. ஆயினும் அந்தச் சிறைவாசலை நான் மறக்கமாட்டேன். பகைவன் முன் நிற்பவனுக்குப் பரணி பாடுவார் உண்டு, தன்னவர் முன் நிற்பவனுக்கு வசையே மிஞ்சும் என்பதை அறிந்தே அவர் அங்கு அமர்ந்திருந்தார்.

இனி நம் மட்டக்களப்புக்கு வருவோம். அங்கு வாவிக்கரை ஊர்களில் தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தனர் என்று நாம் பெருமையோடு சொல்லுகிறோம். 1990ஆம் ஆண்டை என் செய்வது? அவ்வாண்டு செப்டம்பர் 9ஆம் தேதி சத்துருக்கொண்டான் இராணுவ முகாமில் 180க்கு மேற்பட்ட தமிழர் கொல்லப்பட்டதை நம் பிள்ளைகள் அறிவார்கள், அறியத்தான் வேண்டும். அதற்கு ஒரு மாதத்துக்கு முன், ஆகஸ்ட் 3ஆம் தேதி, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இராத்தொழுகையில் இருந்த 100க்கு மேற்பட்டோரை, சிறுவர் என்றும் பாராது, நம் இனத்தின் பேரால் ஆயுதம் ஏந்தியோர் சுட்டுக்கொன்றதை எத்தனை வீடுகளில் எடுத்துரைக்கிறோம்?  

நமக்கு இழைக்கப்பட்டதை மாத்திரம் கேட்டு வளரும் பிள்ளை துக்கத்தை அறியும், நியாயத்தை அறியாது. நம்மவர் இழைத்ததையும் தகப்பனார் தம் வாயால், சாக்குப்போக்குக் கூறாமல், சொல்லக் கேட்ட பிள்ளைக்கே நாளை தன் நண்பர் கூட்டம் பிழையான வழியில் செல்லும்போது மறுத்துப் பேச நா எழும்.

ஆதலால் ஒன்று வேண்டிக்கொள்ளுகிறேன். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது பிள்ளைகளைச் சத்துருக்கொண்டான் நினைவிடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கிருந்து கல்லடிப் பாலம் கடந்து காத்தான்குடிக்கும் செல்லுங்கள். பள்ளிவாசற் சுவரிலே குண்டு துளைத்த குழிகளை அவ்வூரார் பூசி மறைக்காமல் வைத்திருக்கிறார்கள். இதைச் செய்தவர் யார் என்று பிள்ளை கேட்கும்போது, வீடு போய்ப் பேசுவோம் என்று தள்ளிப்போடாமல், அவ்விடத்திலேயே விடை சொல்லுங்கள்.