காயத்தைப் பார்க்கக் கேட்டவர்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

ஊரில் நள்ளிரவு ஆகிவிட்ட பிறகும் விழித்திருந்து கேட்கிற நண்பர்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

திருத்தூதர் தோமாவின் வாழ்வும் அவர் விட்டுச் சென்றதும் என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். நான் இறையியல் படித்தவள் இல்லை. செவிலியர் பட்டயப் படிப்பு முடித்து, இருபது வருடத்துக்கு மேலாக வார்டில் நிற்கிறவள். அங்கே கற்றுக்கொண்ட ஒரு பழக்கத்தோடுதான் தோமாவிடம் போகிறேன். ஷிஃப்ட் மாறும்போது அடுத்து வருகிறவரிடம் நோயாளியை ஒப்படைப்போம். அப்போது மூன்று விஷயங்களை ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. நோயாளி சொன்னது ஒன்று. நாம் கண்ணால் பார்த்தது இன்னொன்று. மற்றவர்கள் சொல்லக் கேட்டது மூன்றாவது. தோமாவின் கதையில் இந்த மூன்றும் நிறையவே கலந்து கிடக்கின்றன. முடிந்தவரை பிரித்துப் பார்ப்போம்.

முதலில் நற்செய்தி நூல்கள். மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்றிலும் தோமா பன்னிருவர் பட்டியலில் ஒரு பெயர், அவ்வளவுதான். அவரைப் பேச வைப்பவர் யோவான் மட்டுமே. தோமா என்றால் அரமேய மொழியில் இரட்டையர். யாருடைய இரட்டை என்று யோவான் சொல்லவில்லை.

யோவானில் தோமா முதலில் வாய் திறப்பது லாசருவின் சாவுச் செய்தி வரும்போது. யூதேயாவுக்குத் திரும்பினால் இயேசுவைக் கல்லெறிந்து கொல்வார்கள் என்று சீடர்கள் பயப்படுகிறார்கள். தோமாதான், நாமும் போய் அவரோடு சாவோம் என்கிறார். இரண்டாவது முறை, கடைசி இரவு உணவின்போது. நீர் எங்கே போகிறீர் என்றே தெரியாதபோது வழி எப்படித் தெரியும் என்று கேட்கிறார். மற்றவர்களுக்கும் தெரிந்திருக்காது. கேட்டவர் இவர் ஒருவர். இந்த இரண்டையும் நாம் மறந்துவிட்டு, மூன்றாவதை வைத்து அவருக்குச் சந்தேகத் தோமா என்று பட்டம் கொடுத்துவிட்டோம்.

அந்த மூன்றாவதைக் கவனமாகப் படியுங்கள். உயிர்த்த இயேசு பூட்டிய அறைக்குள் முதல்முறை வந்தபோது மற்றச் சீடர்களுக்குத் தம் கைகளையும் விலாவையும் காட்டினார். தோமா அன்று அங்கே இல்லை. ஆக, அவர் கேட்டதன் அடிப்படை மற்றவர்களுக்குக் கிடைத்த அதே காட்சிதான். தொட்டும் பார்க்க வேண்டும் என்று சேர்த்துக் கேட்டார், உண்மை. வார்டில் இதற்குப் பெயர் சந்தேகம் அல்ல, வேலை. கட்டைப் பிரித்துப் பார்க்காமல், புண் சுத்தமாக இருக்கிறது என்று ஒரு செவிலி எழுதக் கூடாது. முந்தைய ஷிஃப்டில் பார்த்தவர் எவ்வளவு நம்பிக்கையானவராக இருந்தாலும் சரி.

எட்டு நாள் கழித்து இயேசு வருகிறார். தோமாவைத் திட்டி விலக்கவில்லை. வந்து தொட்டுப் பார் என்று காயத்தைக் காட்டுகிறார். தோமா தொட்டாரா? தொட்டார் என்று யோவான் எழுதவில்லை. உடனே அவரை ஆண்டவராகவும் கடவுளாகவும் அறிக்கையிடுகிறார், அதுதான் எழுதியிருக்கிறது. காயத்துக்குள் விரலை விட்டவர் ஓவியர் கரவாஜியோ. 1601, 1602 வாக்கில் அவர் வரைந்த அந்தப் படம் இன்று ஜெர்மனியில் போட்ஸ்டாம் நகரத்தில் இருக்கிறது. படம் அத்தனை வலிமையானது என்பதால், எழுதாததை எழுதியதாக நம்பிக்கொண்டிருக்கிறோம். காணாமல் நம்புகிறவர்கள் பேறுபெற்றோர் என்ற பொருளில் அடுத்து வருவது பின்னால் வரப்போகும் நமக்கான ஆறுதல். கேள்வி கேட்பவர் வாயை அடைக்கும் பிளாஸ்திரியாக அதைப் பயன்படுத்தக் கூடாது.

இனி இந்தியா. தோமா இங்கே வந்தார் என்று விரிவாகச் சொல்லும் மிகப் பழைய நூல் தோமாவின் பணிகள். 3ஆம் நூற்றாண்டில் சிரியாக் மொழியில் எழுதப்பட்டது. சீட்டுப் போட்டதில் தோமாவுக்கு இந்தியா விழுகிறது. போகமாட்டேன் என்கிறார். இயேசுவே அவரை ஒரு வணிகனுக்கு அடிமையாக விற்றுவிடுகிறார். கோண்டாபரஸ் என்ற மன்னன் அரண்மனை கட்டப் பணம் கொடுக்க, தோமா அதை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். அரண்மனை எங்கே என்றால், வானத்தில் எழும்பியிருக்கிறது என்கிறார்.

படித்தால் கதை போலத்தான் இருக்கிறது. அந்த மன்னனும் கற்பனை என்று பலர் நினைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் பஞ்சாப், ஆப்கானிஸ்தான் பக்கம் கிடைத்தன. மன்னன் உண்மை. அதனால் கதை முழுவதும் உண்மையாகிவிடாது. ஆனாலும் முழுப் பொய் என்று தூக்கி எறியவும் முடியாது.

தெற்கே, தோமா 52இல் முசிறிப் பக்கம் இறங்கினார் என்பது கேரளக் கிறிஸ்தவர்களின் மரபு. அந்தக் காலத்தில் ரோமானியக் கப்பல்கள் முசிறிக்கு மிளகுக்காக வந்து போனதற்கு நல்ல சான்றுகள் உண்டு. சங்கப் பாடலே யவனர் கலங்களைப் பேசுகிறது. ஆக, வழி இருந்தது. அந்த வழியில் தோமா வந்தாரா என்பதற்கு அவர் காலத்து எழுத்து எதுவும் நம் கையில் இல்லை. 6ஆம் நூற்றாண்டில் மலபாரில் கிறிஸ்தவர்கள் இருந்ததை ஒரு கிரேக்கப் பயணி எழுதுகிறார். 849இல் கொல்லத்து தரிசாப்பள்ளிக்குச் செப்பேடு கொடுக்கப்பட்டிருக்கிறது.

எழுதவில்லையென்றால் செய்யவில்லை என்பது எங்கள் தொழிலில் ஒரு சட்டம். வரலாற்றுக்கு அது பொருந்தாது. 1599இல் உதயம்பேரூரில் போர்ச்சுகீசியப் பேராயர் கூட்டிய சங்கம் சிரியாக் நூல்கள் பலவற்றை எரிக்க உத்தரவிட்டது. கேஸ் ஷீட்டை எரித்துவிட்டு, எழுதியிருக்கிறதா என்று கேட்பது நியாயமாகாது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம். தோமா எப்படி இறந்தார்?

ஒரே மனிதருக்கு மூன்று இறப்புக் காரணங்கள் இருக்கின்றன. தோமாவின் பணிகள் நூலில், மஸ்தாய் என்ற மன்னனின் ஆணைப்படி நான்கு வீரர்கள் ஈட்டியால் குத்துகிறார்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதியதில் அது விபத்து. தோமா மயில்கள் சூழ ஜெபம் செய்துகொண்டிருக்கிறார். மயிலுக்கு விட்ட அம்பு அவர்மேல் பாய்கிறது. மயிலாப்பூர் என்ற பெயரோடு இந்தக் கதை எவ்வளவு இயல்பாக ஒட்டுகிறது பாருங்கள். பிற்காலத்தில் பரவி, இன்று நம் மேடைகளில் அதிகம் கேட்கிற கதையில், ஒரு பிராமணர் அவரைப் பரங்கிமலையில் ஈட்டியால் குத்துகிறார்.

மூன்றில் மிகப் பழைய நூல் எந்தச் சாதியையும் சொல்லவில்லை. விபத்து என்று சொல்கிற மார்க்கோ போலோ கதையிலும் ஒரு வால் இருக்கிறது. அம்பு விட்டவன் ஒரு குறிப்பிட்ட குலத்தவன், அதனால் அந்தக் குலத்தார் எவராலும் தோமாவின் கல்லறைக்குள் நுழைய முடியாது என்கிறார். விபத்துக்குக்கூட ஒரு குலத்தின்மேல் பழி, வாசலில் தடை. பிந்திய கதையில் பழி இன்னொரு சாதிக்கு மாறுகிறது. யார் சொல்கிறார்களோ அவர்களுக்கு வேண்டாதவர்கள் கொலையாளி ஆகிறார்கள்.

வார்டில் ஒருவர் இறந்து, காரணம் உறுதியாகாவிட்டால், நமக்குப் பிடிக்காத ஒருவர் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதிவிட்டுப் போக மாட்டோம். பிரசங்க மேடையில் மட்டும் அதை எப்படிச் செய்கிறோம்? இதே போலத்தான், தோமாவிடம் ஞானஸ்நானம் பெற்றவர்கள் உயர்சாதியினர், நாங்கள் அவர்கள் வழி என்று பெருமை பேசுவதும். அடிமையாக விற்கப்பட்டு வந்ததாகச் சொல்லப்படும் ஒருவரை வைத்துச் சாதிப் பெருமை பேசுவது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல.

அதே மார்க்கோ போலோ இன்னொன்றும் எழுதுகிறார். அந்தக் கல்லறைக்குக் கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் யாத்திரை வந்தார்கள். தோமா இறந்த இடத்தின் செம்மண்ணை எடுத்துப்போய் முறைக்காய்ச்சல் கண்டவர்களுக்குக் கொடுத்தார்கள். மண் காய்ச்சலைக் குணமாக்கும் என்று ஒரு செவிலியாக நான் சொல்ல மாட்டேன். ஆனால் காய்ச்சல்காரர்களை நினைத்து மக்கள் வந்துபோன இடமாக அது இருந்தது. 1896இல் எழுந்த இன்றைய சாந்தோம் பேராலயத்தில் எல்லா மதத்தவரும் மெழுகுவர்த்தி ஏற்றுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கொலைக் கதையைவிட இதைப் பாதுகாத்துக் கொடுக்கலாம்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஜூலை 3 தோமா திருநாள். அன்று இந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, மரபு இப்படிச் சொல்கிறது என்று தொடங்குங்கள். கொன்றது யார் என்று பிள்ளை கேட்டால், தெரியாது என்று சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று முதலில் வாய்விட்டுச் சொன்ன சீடர் தோமாதானே. பிள்ளை மேலும் கேட்டால் கேட்கட்டும்.

நேரம் முடிந்துவிட்டது என்று ஒருங்கிணைப்பாளர் கைகாட்டுகிறார். இனி உங்கள் முறை. தோமாவைப் பற்றிய கூட்டத்தில் கேள்வி கேட்க யாரும் தயங்க வேண்டாம்.