பதிவேட்டில் ஏறாத விரதம்: கருத்தரங்கத் தலைமை உரை

நன்றியுரைக்கு மாலையில் தனி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

சிங்கப்பூரில் மருந்தகம் நடத்தும் தமிழ் மருத்துவர்களான நமக்குச் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியதிலிருந்து, நெறிமுறைகளைப் படிக்கவே மருந்தகம் மூடிய பிறகு ஒரு மணி நேரம் வேண்டியிருக்கிறது. படித்துவிடுகிறோம். ஆனால், இரண்டு சட்டங்களைத் தனித்தனியாகப் படித்த நாம் அவற்றைச் சேர்த்துப் படிக்கவில்லை என்பது என் கருத்து.

முதலாவது, நோயாளிக்கு மருத்துவர் சொல்லும் ஆலோசனை பற்றியது. 2019 ஜனவரியில், மணிக்கட்டில் போட்ட ஸ்டீராய்டு ஊசியின் பக்கவிளைவுகளைச் சொல்லவில்லை என்பதற்காக எலும்பியல் மருத்துவர் ஒருவருக்கு 100,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. அந்த ஆண்டே மூன்று நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. அதற்குள் நம்மில் பலர் அந்த ஊசியைத் தொடவே தயங்கினோம். ஒப்புதல் படிவங்களும் பக்கம் பக்கமாக நீண்டன. தற்காப்பு மருத்துவம் எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதை அந்தச் சில மாதங்கள் காட்டின. அந்த ஆண்டே அமைச்சு பணிக்குழு அமைத்தது. 2020 அக்டோபரில் நாடாளுமன்றம் குடிமைச் சட்டத்தைத் திருத்தியது. 2022 ஜூலை 1 முதல் அது நடப்பில் உள்ளது. நம் சகாக்களின் கருத்துக்கு அதில் மீண்டும் இடம் கிடைத்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: இந்த நோயாளிக்கு எது முக்கியம் என்பதையும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். அவர் வாய்விட்டுக் கேட்டது மட்டும் கணக்கில்லை. நாம் நியாயமாகப் பார்த்திருக்க வேண்டிய மருத்துவப் பதிவுகளில் தெரியவருவதும் கணக்கில் வரும்.

இரண்டாவது, 2026 ஜனவரியில் நிறைவேறிய சுகாதாரத் தகவல் சட்டம். தேசிய மின்னிலக்கச் சுகாதாரப் பதிவேடு 2011 முதலே இருந்தும், தனியார் மருந்தகங்களின் பங்களிப்பு மெலிந்தே இருந்தது. உரிமம் பெற்ற சுகாதாரச் சேவையாளர்கள் முக்கியத் தகவல்களை அதில் சேர்ப்பதை இச்சட்டம் கட்டாயமாக்குகிறது. 2018இல் சிங்ஹெல்த் கணினிகளிலிருந்து 15 லட்சம் பேரின் விவரங்கள் திருடுபோனது நினைவிருப்பதால், இணையப் பாதுகாப்பைப் பற்றியே இதுவரை அதிகம் பேசியிருக்கிறோம். அது வேண்டிய பேச்சுதான். என் கவலை வேறு. பதிவேடு பெருகப் பெருக, 'எனக்குத் தெரியாது' என்று நாம் சொல்லக்கூடிய இடம் சுருங்குகிறது. முதல் சட்டத்தின் எல்லையை இரண்டாம் சட்டம் சத்தமில்லாமல் நகர்த்துகிறது.

சரி, பதிவேட்டில் இல்லாதது? தை பிறந்ததும் நம் மருந்தகங்களில் நடப்பதைச் சொல்கிறேன். ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வருகிறார். நீரிழிவுக்கு எம்பாகிளிஃப்லோசின், கூடவே கிளிபிசைட். நெற்றியில் திருநீறு, தாடி மழிக்கவில்லை. ஒருவேளைச் சாப்பாடுதான், அதுவும் சைவம். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோவிலில் புறப்பட்டு டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவில் வரை காவடியோடு மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்கப்போகிறார். கிளிபிசைட் அவரைத் தாழ்சர்க்கரையில் தள்ளலாம். அது நமக்குப் பழகிய ஆபத்து. எம்பாகிளிஃப்லோசின் அதைவிட நயவஞ்சகமானது. பட்டினியும் நீரிழப்பும் சேர்ந்தால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகலாம். குமட்டலையும் மூச்சிரைப்பையும் காவடிக் களைப்பு என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். சர்க்கரைமானி பெரிதாக எதையும் காட்டாது. ரத்தத்தில் கீட்டோன் பார்த்தால்தான் தெரியும். விரதத்துக்கு முன்பே மாத்திரையை நிறுத்தச் சொல்லவேண்டியவர்கள் நாம்தான். 'இந்த வருடம் காவடி உண்டா அண்ணே?' என்று கேட்டாலொழிய இது எந்தத் திரையிலும் தெரியாது. ரமலான் நோன்புக்கு அனைத்துலக நீரிழிவுக் கூட்டமைப்பின் வழிகாட்டி இருக்கிறது. தைப்பூச விரதத்துக்கு அந்தக் கவனத்தில் பாதிகூட நம் துறையில் கிடைத்ததில்லை. அதைக் கொடுக்க நம்மைவிடப் பொருத்தமானவர்கள் யார்?

இது சிறுபான்மைச் சமூகத்தின் சில்லறைப் பிரச்சினை என்று யாரும் ஒதுக்கவேண்டாம். 2010 தேசியச் சுகாதார ஆய்வில் சீனரிடையே 9.7 விழுக்காடாக இருந்த நீரிழிவு, இந்தியரிடையே 17.2 விழுக்காடு.

இன்னொரு கூட்டம் ஹெல்தியர் எஸ்ஜிக்கு வெளியேயே நிற்கிறது. அத்திட்டம் 40 வயதைத் தொட்ட குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. ஞாயிறு மாலை தேக்காவை நிறைக்கும் வெளிநாட்டு ஊழியர்களில் விடுதிகளில் தங்குவோருக்கு 2022 ஏப்ரலில் வந்த அடிப்படைப் பராமரிப்புத் திட்டம் உண்டு. நேரில் பார்த்தால் 5 வெள்ளி, தொலைமருத்துவத்துக்கு 2 வெள்ளி. கட்டணம் குறைவு, நல்லதுதான். ஆனால் ஊரில் வாங்கி, பெட்டியில் போட்டுவந்த மாத்திரை அட்டை எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. மேற்சொன்ன ஆலோசனைச் சட்டமோ அந்த ஊழியருக்கும் அப்படியே பொருந்தும். சட்டைப்பையிலிருக்கும் அட்டையை வாங்கிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் ஆகும். அந்த நிமிடத்துக்கு எந்தக் கட்டண அட்டவணையிலும் இடமில்லை என்பதை அமைச்சுக்கு நாம் எழுதித் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதத்தின் வரைவு உங்கள் கோப்பில் உள்ளது. பிற்பகலில் திருத்தங்களோடு வாருங்கள்.

விரதகால மருந்து மாற்றம் பற்றிய முதல் அமர்வு இப்போது தொடங்குகிறது. கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.