குமாஸ்தா வேலையும் கைத்திறமையும்

(வாலிபர் கூட்டமொன்றில் செய்த பிரசங்கம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது குமாஸ்தா, கணக்கப்பிள்ளை, டைப்பிஸ்டு முதலிய நடுத்தர உத்தியோகங்களைப் பற்றியாகும். ஏழை வீட்டுப் பிள்ளை மேலேறுவதற்கு இருந்த ஏணி அதுதான். அந்த ஏணியின் நடுப்படிகள் இன்று ஒவ்வொன்றாய்க் கழன்று விழுகின்றன.

எப்படியென்று பாருங்கள். பாங்கிகளில் கம்ப்யூட்டர் வைக்கலாமென்று ரங்கராஜன் கமிட்டி 1984ல் யோசனை சொல்லிற்று. பேரேடு எழுதிய கைகளுக்கு அன்றே ஓய்வு ஆரம்பமாயிற்று. கோத்ரெஜ் கம்பெனி 2009ல் டைப்ரைட்டர் செய்வதை நிறுத்திற்று. 2013 ஜூலையில் தந்தியும் நின்றது. இப்போதோ கடிதம் எழுதவே யந்திரம் வந்துவிட்டது.

யந்திரம் எந்த வேலையைப் பிடித்துக்கொள்ளுகிறது? “இப்படி இப்படிச் செய்” என்று எதை விதியாக எழுதிவிட முடியுமோ, அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளுகிறது. நகலெடுப்பதும், கூட்டிப் போடுவதும், பதிவதும் அதற்குச் சுலபம். நோயாளியைத் தூக்கி உட்கார வைப்பதும், பழுதான மோட்டாரின் கோளாறைக் கண்டுபிடிப்பதும் அதற்குக் கஷ்டம். ஆகவேதான் மேலும் கீழும் வேலை நிற்க, நடு மாத்திரம் தேய்கிறது. இதற்காக யந்திரத்தை உடைக்கும்படி நான் சொல்லவரவில்லை. மனிதனுடைய பாரத்தைக் குறைக்கும் எதுவும் நமக்கு விரோதியல்ல.

ஆனால் நம் வாலிபர் நிலை என்ன? 2024ல் நடந்த குரூப் 4 பரீட்சைக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. மனுச் செய்தவர்களோ சுமார் 20 லட்சம் பேர்! பத்தாம் வகுப்புப் போதுமென்ற வேலைக்குப் பட்டதாரிகளும் வரிசையில் நிற்கிறார்கள். மறுபக்கத்தில் முதலாளிகள், “வேலை இருக்கிறது, திறமையுள்ள ஆள்தான் இல்லை” என்கிறார்கள். இது யாருடைய குற்றம்?

முதலாவது, படிப்பின் குற்றம். கேள்விக்கு விடையை உருப்போட்டு ஒப்பிக்கவே கற்றுக்கொடுத்தோம். அதாவது, யந்திரம் நம்மைவிட நன்றாகச் செய்யும் காரியத்தையே பிள்ளைக்குப் பதினைந்து வருஷம் பழக்கினோம்.

இரண்டாவது, ஜாதியின் குற்றம். கருவியைத் தொட்டவன் கீழ், தொடாதவன் மேல் என்ற புத்தியிருக்கும் நாட்டில் எந்தத் தகப்பன் மகனைப் பட்டறைக்கு அனுப்புவான்? அவனைக் குறை சொல்லாதீர்கள். அந்த அவமானத்தை அனுபவித்தவன் அவன்.

மூன்றாவது, முதலாளிகளின் குற்றம். தொழில் பழகுநர் சட்டம் 1961லேயே வந்துவிட்டது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்கள் உதவித்தொகை கொடுத்துப் பழகுநர்களை வைத்தாக வேண்டும். ஜெர்மனியிலே வாலிபன் வாரத்தில் சில நாள் பட்டறையிலும் சில நாள் பள்ளியிலும் பழகுகிறான். பழகும்போதே சம்பளமும் பெறுகிறான். இங்கோ, விதைக்காமலே அறுக்க ஆசைப்படுகிறார்கள்.

“அப்படியானால் அவனவன் தகப்பன் தொழிலைக் கற்கட்டுமே” என்று யாராவது புறப்படலாம். ஏமாந்துவிடாதீர்கள். 1953ல் பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில் என்று திட்டம் வந்தது. ஜனங்கள் எதிர்த்ததால் 1954ல் ஒழிந்தது. கைத்திறமை வேண்டும், அது பிறப்பின்படி வேண்டியதில்லை. சவரம் செய்பவர் மகள் யந்திரம் பழுதுபார்க்கட்டும். அர்ச்சகர் மகன் குழாய் பொருத்தட்டும். பட்டறையில் பழகியவனுக்கு மேல்படிப்பின் கதவும் திறந்திருக்க வேண்டும்.

ஆகவே தோழர்களே, உங்கள் ஊர்த் தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் போய், அங்குள்ள யந்திரங்கள் இந்தக் காலத்தவைதானா என்று பாருங்கள். பக்கத்து ஆலையில் எத்தனை பழகுநர்கள், என்ன உதவித்தொகை என்று கேளுங்கள். பெண் கொடுக்கும்போது பட்டதாரிக்கு ஒரு மரியாதை, பிட்டருக்கு ஒரு மரியாதை என்று வைக்காதீர்கள். இந்த மூன்றையும் செய்ய எந்தச் சர்க்கார் உத்தரவும் வேண்டியதில்லை. நான் சொன்னவை சரியா தப்பா என்பதை வீட்டுக்குப் போய் நீங்களே யோசித்து, சரியென்று பட்டால் நாளைக்கே ஆரம்பியுங்கள்.