நாடி வருவோரும் நல்ல இணைப்புகளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நம் சங்கத்திற்கு ஓர் இணையதளம் உண்டென்பதை இவ்வவையினர் அறிவர். அதனை நாடி வருவோர் தொகை மிகக் குறைவென்பதையும் அறிவர். அண்மையில் செயற்குழுவின் முன் ஒரு யோசனை வந்தது. ஒரு நிறுவனத்தார் கடிதம் எழுதியிருந்தனர். குறித்த தொகையைக் கொடுத்தால் ஒரு மாதத்திற்குள் ஆயிரம் தளங்களிலிருந்து நம் தளத்திற்கு இணைப்பு வாங்கித் தருவார்களாம். அதன் பின்னர்த் திருப்பதித் தமிழரைப் பற்றி எவர் தேடினும் நம் சங்கமே முதலில் வந்து நிற்குமாம். தொகை சிறிதன்று, ஆண்டு விழாச் செலவில் ஏறத்தாழப் பாதி. கொடுக்கலாமா, கூடாதா என்பதே கேள்வி. கூடாது என்பது எம் கருத்து. அதற்குரிய காரணங்களை இங்கே எடுத்துரைக்க விழைகின்றோம்.

முதலில், இணைப்புக்கு இத்துணை மதிப்பு எங்ஙனம் வந்தது? 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த லாரி பேஜ், சர்கே பிரின் என்னும் இருவர் தம் தேடுபொறியின் முறையை வெளியிட்டனர். அதுவே கூகுள். ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைப் பிறர் எத்துணை முறை மேற்கோள் காட்டினர் என்பதைக் கொண்டு அதன் மதிப்பை அளப்பது அறிஞர் வழக்கம். அவ்வழக்கத்தை அவ்விருவரும் இணையத்திற்குப் பொருத்தினர். ஒரு பக்கம் மற்றொரு பக்கத்தைச் சுட்டுமாயின் அஃது ஒரு பரிந்துரை. பரிந்துரைப்பவர் தாமே மதிப்புடையவராயின் அவர் சொல்லுக்கு எடை மிகுதி. அவரே நூறு பேரைப் பரிந்துரைப்பாராயின் அவ்வெடை நூறாகப் பங்கிடப்படும்.

திருப்பதியில் வாழும் நமக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ! திருமலையில் வி.ஐ.பி. பிரேக் தரிசனத்திற்குச் சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர் ஆகியோர் தரும் சிபாரிசுக் கடிதத்தை நாம் கண்டதில்லையா? கடிதம் கொடுப்பவர் யார், கொடுக்கும் உரிமை அவருக்கு உண்டா என்று பார்த்தே அதனை ஏற்பர். அத்தகைய கடிதங்களை விலைக்கு விற்றவர்கள் மீது வழக்குத் தொடர்ந்த செய்திகளையும் நாளிதழ்களில் படித்திருக்கின்றோம். விலைக்கு வாங்கிய இணைப்பும் விலைக்கு வாங்கிய கடிதமும் ஒரே இனம் என்க.

இது வெறும் உவமையன்று. அமெரிக்காவில் ஜே.சி. பென்னி என்பது நூறாண்டு கடந்த பெரும் வாணிகக் கடை. 2010ஆம் ஆண்டின் பண்டிகைக் காலத்தில் ஆடை, படுக்கை விரிப்பு என எதனைத் தேடினும் அக்கடையின் தளமே முதலிடத்தில் நின்றது. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் இதழ் அதன் காரணத்தை ஆராய்ந்து வெளியிட்டது. கடையோடு யாதொரு தொடர்பும் இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அதற்கு இணைப்புகள் இடப்பட்டிருந்தன. அவற்றைத் தாங்கள் அறியோம் என்றது கடை நிருவாகம். இப்பணியைச் செய்துவந்த நிறுவனத்தையும் விலக்கியது. கூகுள் நடவடிக்கை எடுத்த அன்று, பயணப்பெட்டி ஒன்றிற்கான தேடலில் மாலை ஏழு மணிக்கு முதலிடத்தில் இருந்த தளம் இரண்டு மணி நேரத்தில் எழுபத்தொன்றாம் இடத்திற்குச் சரிந்தது. அடுத்த ஆண்டு, அதாவது 2012 ஏப்ரலில், பென்குயின் என்னும் பெயருடைய மாற்றத்தைக் கூகுள் கொணர்ந்தது. செயற்கையான இணைப்புகளால் மேலேறிய தளங்களைக் கணினியே கண்டு கீழிறக்கும் ஏற்பாடு அது. அத்துணைப் பெரிய கடை அவ்வீழ்ச்சியைத் தாங்கியது. சந்தாப் பணத்தில் நடக்கும் ஒரு சங்கத்தின் பெயர் அங்ஙனம் சரிந்தால் மீட்பதற்கு நம்மிடம் ஆளும் இல்லை, பொருளும் இல்லை.

வாங்காமல் இணைப்புப் பெறும் வழி யாது எனின், பிறர்க்குப் பயன்படும் ஒன்றை நம் தளத்தில் வைப்பதே வழி. தமிழுலகிலேயே இதற்குத் தக்க சான்று உண்டு. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் அவர்களின் முயற்சியால் மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம் தொடங்கியது. பல நாடுகளிலுள்ள தமிழன்பர்கள் ஊதியமின்றி நூல்களைத் தட்டச்சு செய்தனர். வேறு சிலர் பிழை திருத்தினர். நூல்கள் இலவசமாக வழங்கப்பெற்றன. இன்று பழந்தமிழ் நூலொன்றைக் குறித்து எழுதுவோர், அதன் மூலம் அங்கே கிடைக்கிறதெனத் தாமாகவே சுட்டுகின்றனர். அவர்களிடம் எவரும் இணைப்புக் கேட்டுக் கெஞ்சவில்லை.

மதுரைத் திட்டம் செய்ததை நாம் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. நம்மிடம் மட்டுமே உள்ளது எது? இம்மண். திருமலைக் கோயில் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை; அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலியோரின் உழைப்பால் 1930களில் தேவஸ்தானம் அவற்றைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. பல்லவ அரசி சாமவை அளித்த கொடைகளை அக்கல்வெட்டுகளால் அறிகின்றோம். அவற்றுள் பத்தினை எடுத்து, எளிய உரையும், எந்தச் சுவரில் உள்ளதென்னும் குறிப்பும் சேர்த்து வெளியிடுவோமாயின் ஆராய்ச்சி மாணவர் நம்மை நாடி வாராரோ?

அடுத்து, எல்லைக் கதை. 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சித்தூர் மாவட்டம் உருவாயிற்று. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறந்தது. படாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இவை நூல்களில் உள்ளன. ஆயினும், 1960இல் எல்லைக்கு இப்பால் நின்றுவிட்ட ஒரு குடும்பம் தன் பிள்ளைகளை எம்மொழிப் பள்ளியில் சேர்த்தது, எவ்வூரில் பெண் கொண்டது, கடிதங்களை எம்மொழியில் எழுதியது என்பன எந்நூலிலும் விரிவாக இல்லை. அவை இந்த அவையின் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டிமார்களிடம் உள்ளன. இன்னும் பத்தாண்டு கழித்துக் கேட்கலாம் என்பதற்கில்லை. இப்பணியை மட்டும் தாமதிக்கலாகாது என்று வற்புறுத்திச் சொல்கின்றோம்.

வாழ்க்கைப் பயனுடையவும் வேண்டும். மாற்றலாகி வரும் குடும்பம் முதலில் தேடுவது கல்வெட்டையன்று. குழந்தைக்குத் தமிழ் சொல்லித்தரும் இடத்தையும், தமிழ் நாளிதழ் போடுபவரையும், வேலூருக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையுமே. புரட்டாசியில் நடந்து மலையேற வருவோர், அலிபிரி வழியில் படிகள் சுமார் 3,550, ஸ்ரீவாரி மெட்டு வழியில் சுமார் 2,400 என்று அறிந்தால் முதியோரை எவ்வழியில் அழைத்துச் செல்வதென்று முடிவு செய்வர். மார்கழியில் சுப்ரபாதத்திற்கு மாறாகத் திருப்பாவை ஒலிப்பதைக் கேட்க வருவோரும் உளர். இவர்கள் தேடும் சொற்களாலேயே பக்கத்தின் தலைப்பை அமைத்தல் வேண்டும். 'வரவேற்கின்றோம்' என்னும் தலைப்பை எவர் தேடப் போகின்றார்?

யாத்திரிகர்க்கு வழிகாட்டுங்கால் ஓர் எச்சரிக்கையும் தேவை. தேவஸ்தானத்தின் பெயரால் போலித் தளங்கள் தோன்றித் தரிசனச் சீட்டு, அறை என்று சொல்லிப் பணம் பறிப்பதும், தேவஸ்தானம் புகார் கொடுப்பதும் பன்முறை நிகழ்ந்துள்ளன. ஆகவே நாம் பிறர்க்குக் கொடுக்கும் இணைப்பும் ஆராய்ந்து கொடுப்பதாதல் வேண்டும். 2024ஆம் ஆண்டில் தேவஸ்தானம் தன் தளத்தின் முகவரியை மாற்றியது. பழைய முகவரியையே இன்னும் தாங்கி நிற்கும் பக்கங்கள் பல. நம் பக்கத்தில் சரியான முகவரி ஒன்றிருந்தால் அதுவே ஒரு தொண்டு.

எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். பழைய ஆண்டு மலர்களைப் படமாகப் பிடித்து ஏற்றிவிட்டால் போதும் என்பர் சிலர். படத்திலுள்ள தமிழைத் தேடுபொறி பிழையறப் படிக்கும் என்று நம்புவதற்கில்லை. பழைய தனி எழுத்துருக்களில் அடித்தவையும் அதற்கு வெறும் குறிகளே. யூனிகோடில் தட்டச்சு செய்தால்தான் தேடுவோர் கண்ணில் படும். விடுமுறையில் நம் மாணவச் செல்வங்கள் ஆளுக்கு நான்கு பக்கம் அடித்தால் ஒரு மலர் முடிந்துவிடும். அவர்களுக்கும் தமிழ் கைவரும்.

பக்கங்கள் ஆயத்தமான பின்னரே இணைப்புக் கேட்கச் செல்லலாம். யாரிடம்? 1954இல் நிறுவப்பெற்ற திருவேங்கடவன் பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறையிடமும், குப்பத்தில் 1997 முதல் இயங்கும் திராவிடப் பல்கலைக்கழகத்திடமும், பிற ஊர்களின் தமிழ்ச் சங்கங்களிடமும் கேட்கலாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே, அவர்க்குப் பயன்படும் பக்கத்தைக் குறித்து எழுதுதல் வேண்டும். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்புதல் மரியாதையன்று. தெலுங்கு அன்பர்களுக்காகக் கல்வெட்டுப் பக்கங்களைத் தெலுங்கிலும் தருவோமாயின் அவர்களும் சுட்டுவர். இது நம் இருவருக்கும் உரிய வரலாறன்றோ? விக்கிப்பீடியாவில் நாமே சென்று நம் தளத்தின் பெயரைச் சொருகுதல் வேண்டா. அங்குள்ள வெளியிணைப்புகளை ஆங்கில விக்கிப்பீடியா 2007ஆம் ஆண்டிலேயே 'பின்தொடராதே' என்னும் குறியிட்டுத் தேடுபொறியின் கணக்கிலிருந்து விலக்க முற்பட்டது. அங்கு நற்கட்டுரை எழுதுவது வேறு. அதனை யாரும் தடுக்கவில்லை.

இக்காலத்தில் தேடுபொறியே செயற்கை நுண்ணறிவால் விடையைத் தொகுத்துக் கொடுத்துவிடுவதால், எத்தளத்திற்கும் வருவோர் குறையலாம் என்று அஞ்சுவோரும் உளர். அவ்வச்சம் பொய்யன்று. எனினும் அவ்விடையும் எங்கோ ஒருவர் எழுதி வைத்ததிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. திருத்தணிக்கு இப்பால் நின்ற குடும்பத்தின் கதையை நாம் எழுதாவிடில் அதற்கும் தெரியாது.

ஆகவே அந்நிறுவனத்தார்க்கு நன்றி கூறி மறுமொழி எழுதுமாறு செயலாளர் அவர்களை வேண்டுகின்றோம். ஒதுக்க நினைத்த தொகையில் ஒரு சிறு பங்கு, தளத்தின் பெயர்ப் பதிவைக் காலம் தவறாது புதுப்பிக்கப் போதும். பதிவு விட்டுப்போனால் அப்பெயரை வேறொருவர் கைக்கொள்வர், நமக்கு வந்த இணைப்புகளும் அவரையே சேரும். ஒரு பங்கு தட்டச்சுக்கும் மெய்ப்புப் பார்ப்பதற்கும் ஆகட்டும். 1960ஆம் ஆண்டுக்கு முற்பட்ட கடிதங்கள், பள்ளிச் சான்றிதழ்கள், நிழற்படங்கள் வைத்திருப்போர் அவற்றைத் தை மாதத்திற்குள் சங்க நூலகத்தில் காட்டினால், படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம்.